வாட்டர் கூலர் கசிஞ்சு பிசி ஆன் ஆகலையா? முதல்ல எதைக் கழட்டணும்?

(ஒலிப்பதிவைப் படிக்க வசதியாகச் சுருக்கித் திருத்திய வடிவம்)

இன்னைக்கு எபிசோட் கொஞ்சம் ஈரமானது. கேமிங் பிசியோ எடிட்டிங் பிசியோ வச்சிருக்கிற உங்கள்ல நிறைய பேர் இப்போ வாட்டர் கூலர் போட்டிருக்கீங்க. கண்ணாடி கேபினெட், உள்ளே ரெண்டு கறுப்பு ட்யூப், நடுவுல ஒளிர்ற பம்ப். பார்க்க அழகாத்தான் இருக்கு. அந்த ட்யூப்ல ஒண்ணு என்னைக்காவது ஒரு நாள் கசிஞ்சா என்ன செய்யணும்னு மட்டும் யாரும் யோசிச்சு வைக்கிறதில்ல. கசிஞ்சு, பிசி ஆஃப் ஆகி, திரும்ப ஆன் ஆகாம போனப்புறம் எதை எந்த வரிசையில பார்க்கணும்ங்கிறதுதான் இன்னைக்குப் பேச்சு.

முதல்ல ஒரு விஷயத்தைச் சொல்லிடறேன், மத்ததெல்லாம் இதுக்கு மேலதான் நிக்குது. எலக்ட்ரானிக்ஸைக் கொல்றது தண்ணியும் கரண்ட்டும் ஒரே நேரத்துல ஒரே இடத்துல இருக்கிறது. கரண்ட் இல்லாத போர்டு நனைஞ்சா பெரும்பாலும் கழுவிக் காய வச்சுப் பிழைக்க வச்சிடலாம். நனைஞ்ச போர்டுக்குள்ள கரண்ட் விட்டாத்தான் கதை முடியுது. 1985ல வந்த க்ரே-2 சூப்பர் கம்ப்யூட்டர்ல சர்க்யூட் போர்டுகளை மொத்தமா ஃப்ளோரினெர்ட்ங்கிற திரவத்துல மூழ்கடிச்சே ஓட்டினாங்க. அந்தத் திரவம் மின்சாரத்தைக் கடத்தாது, அதனால ஒண்ணும் ஆகல.

"அப்போ கூலன்ட்டும் கடத்தாதுதானே, டப்பாவுலயே அப்படித்தான் போட்டிருக்கு"ன்னு கேப்பீங்க. சுத்தமான தண்ணி உண்மையிலேயே மின்சாரத்தை ரொம்ப மோசமாத்தான் கடத்தும். ஆனா கூலன்ட்டுல துரு பிடிக்காம இருக்க ஒரு கெமிக்கல், பாசி வராம இருக்க ஒரு கெமிக்கல், நிறைய பிராண்டுல கிளைக்கால் எல்லாம் இருக்கு. அது மாசக்கணக்குல தாமிரத்தையும் நிக்கலையும் உரசிக்கிட்டே ஓடி, அதுலேர்ந்து அயனிகளைச் சேர்த்துக்குது. வெளியே சிந்தினதும் போர்டு மேல ரெண்டு வருஷமா படிஞ்சிருக்கிற நம்ம ஊர்த் தூசியையும் கரைச்சுக்கும். டப்பாவுக்குள்ள இருந்தப்போ எப்படி இருந்ததோ தெரியாது, போர்டு மேல வந்து விழும்போது அது கடத்தும்னு வச்சுக்கிட்டு நடக்கிறதுதான் புத்திசாலித்தனம்.

இதை ஒரு நிஜக் கேஸ்ல வச்சே பேசலாம். என் சித்தி பையன் வடபழனியில இருக்கான், கல்யாண வீடியோ எடிட் பண்ணிக் கொடுக்கிறான். ஒரு ஞாயிற்றுக்கிழமை ராத்திரி பத்தரைக்கு போன். "அக்கா, ரெண்டர் ஓடிக்கிட்டு இருந்துச்சு, பட்டுனு ஆஃப் ஆயிடுச்சு. பவர் பட்டனை அழுத்தினா ஃபேன் ஒரு துடி துடிச்சிட்டு நின்னுடுது." எத்தனை தடவை அழுத்தினேன்னு கேட்டேன். மூணு. கண்ணாடி வழியா பாருன்னேன். கிராஃபிக்ஸ் கார்டு முதுகுல சொட்டுச் சொட்டா தண்ணி. அந்த பிசியில ஒரு கல்யாணத்தோட மொத்த ஃபுட்டேஜ் இருந்துச்சு. கேமரா கார்டை அடுத்த ஷூட்டுக்காக ஏற்கனவே ஃபார்மேட் பண்ணிட்டான். இன்னொரு காப்பி கிடையாது.

அவன் கேட்ட அடுத்த கேள்வியை இந்த நிலைமையில எல்லாருமே கேப்பாங்க. "துடைச்சிட்டு ஒரே ஒரு தடவை ஆன் பண்ணி ஃபைலை மட்டும் எடுத்துக்கவா?"

வேண்டாம். ஏன்னு புரியணும்னா உள்ளே எவ்வளவு நெருக்கம்னு தெரியணும். கிராஃபிக்ஸ் கார்டு சொருகற ஸ்லாட்டுல ஒரு பின்னுக்கும் அடுத்த பின்னுக்கும் 1 மில்லிமீட்டர். எம்.2 எஸ்எஸ்டி ஸ்லாட்டுல அது 0.5 மில்லிமீட்டர். ஒரு சொட்டு பல பின்களை ஒரே நேரத்துல மூடிடும். கிராஃபிக்ஸ் கார்டுல 12 வோல்ட் வர்ற இடமும் சிப்புக்குப் போற 1 வோல்ட் சொச்சமும் பக்கத்துப் பக்கத்துலயே இருக்கு. அந்த 12 வோல்ட் தண்ணி வழியா சிப் பக்கம் தாவிட்டா சிப் போச்சு. தாவலைன்னாலும் இன்னொண்ணு நடக்கும்: ஈரமும் வோல்டேஜும் சேர்ந்தா தாமிரம் கரைஞ்சு, பாசிடிவ் பக்கத்துலேர்ந்து நெகடிவ் பக்கம் போய் மெல்லிசா வேர் விடற மாதிரி வளரும். தண்ணி காய்ஞ்சப்புறமும் அந்த வேர் அங்கேயே இருக்கும். "காய வச்சுட்டேன், அப்பவும் ஆன் ஆகல"ங்கிற கேஸ்ல பல இந்த வேராலயும், காய்ஞ்ச கூலன்ட் விட்டுட்டுப் போற உப்பாலயும்தான்.

கரண்ட்டை முழுசா எடுக்கிறது

பிசி ஆஃப்ல இருந்தா கரண்ட் இல்லைன்னு நினைச்சிடாதீங்க. சுவிட்சு ஆன்ல இருக்கிற வரைக்கும் எஸ்எம்பிஎஸ் எப்பவுமே 5 வோல்ட் ஒண்ணை மதர்போர்டுக்குக் கொடுத்துக்கிட்டே இருக்கும். ஸ்டாண்ட்பை லைன்னு பேரு, 24 பின் கேபிள்ல ஊதா கலர் ஒயர். ஷட்டவுன் பண்ணப்புறமும் சில கீபோர்டுல லைட் எரியுதே, அது இதுலேர்ந்துதான். அதனால சுவத்துல சுவிட்சை அணைச்சா போதுமான்னு கேட்டா, யுபிஎஸ் இருந்தா போதாது. சுவத்தை அணைச்சதும் யுபிஎஸ் "ஆஹா, கரண்ட் போயிடுச்சு"ன்னு பேட்டரியிலேர்ந்து கொடுக்க ஆரம்பிச்சிடும். எஸ்எம்பிஎஸ் பின்னாடி சொருகியிருக்கிற பவர் கேபிளையே பிடுங்குங்க. தரையில தண்ணி இருந்தா மட்டும் முதல்ல மெயின்ல அணைச்சு, அப்புறம் கிட்ட போங்க. பிடுங்கினப்புறம் பவர் பட்டனைப் பத்து செகண்ட் அழுத்திப் பிடிச்சா மிச்சம் மீதி இருக்கிற சார்ஜும் இறங்கிடும்.

இன்னொரு கரண்ட் மூலம் இருக்கு, அதை யாரும் கணக்குல எடுக்கிறதில்ல. மதர்போர்டுல இருக்கிற பட்டன் செல், சிஆர்2032. 3 வோல்ட்தான். ஆனா நேரம் காட்டற சர்க்யூட்டை அது ராத்திரி பகலா ஓட்டிக்கிட்டே இருக்கு. நனைஞ்ச போர்டுல ரெண்டு நாள் அதை விட்டு வச்சா, நான் சொன்ன வேர் அங்கேயும் வளரும். கழட்டிடுங்க.

இதெல்லாம் பண்ணிட்டு காலையில வரேன்னு சொன்னேன். எஸ்எஸ்டியை மட்டும் கழட்டி மேல வைன்னேன். எதையும் துடைக்கிறதுக்கு முன்னாடி எல்லாப் பக்கமும் போட்டோ எடுக்கச் சொன்னேன். இந்த போட்டோ ஏன்னு கடைசியில தெரியும்.

அரிசிப் பானை வேண்டாம்

மறுநாள் நான் போறதுக்குள்ள சித்தி அரிசி டப்பாவைத் தயாரா எடுத்து வச்சிருந்தாங்க. போன் நனைஞ்சாலே அரிசியில போடறது நம்ம வீடுகள்ல ஒரு சடங்கு. அரிசிக்குக் கூலன்ட் உப்பை எடுக்கிற சக்தி கிடையாது, தவிடும் மாவும் ஸ்லாட்டுக்குள்ள போனா இன்னும் கஷ்டம். ஆப்பிளே 2024ல போனை அரிசிப் பையில போடாதீங்கன்னு தன் உதவிப் பக்கத்துல எழுதிட்டாங்க. ஹேர் டிரையரும் வேண்டாம், சூடான காத்து தண்ணியைச் சிப்புக்கு அடியில தள்ளிவிடும். மொட்டை மாடி வெயில்ல பேப்பர் விரிச்சு வத்தல் மாதிரி காய வைக்கிறவங்களும் இருக்காங்க. தயவுசெய்து வேண்டாம்.

காய வைக்கிறதுக்கு முன்னாடி கழுவணும். விசித்திரமா இருக்கலாம், ஆனா காரணம் எளிமையானது: தண்ணி ஆவியாகும், அதுல கரைஞ்சிருந்த உப்பும் கிளைக்காலும் ஆகாது. டிஸ்டில்டு வாட்டர் வேணும். இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊத்தறோமே, அந்தக் கேன் தண்ணி போதும். பட்ட இடத்தை அதால மென்மையான பிரஷ் வச்சுக் கழுவிட்டு, அப்புறம் ஐசோப்ரோபைல் ஆல்கஹால். ரிச்சி ஸ்ட்ரீட்ல, செல்போன் சர்வீஸ் சாமான் விக்கிற கடையில 99 சதவீதம்னு கேட்டு வாங்குங்க. சானிடைசர் வேண்டாம், அதுல கிளிசரின் மாதிரி வேற சரக்கும் கலந்திருக்கும். ஆல்கஹால் சீக்கிரம் தீப்பிடிக்கும், அதனால ஜன்னலைத் திறந்து வச்சு, சமையலறையிலேர்ந்து தள்ளி உக்காந்து பண்ணுங்க.

எங்கெல்லாம் தேடணும்? தண்ணி கீழே வர்ற பாதையைப் பாருங்க. இவன் கேஸ்ல ப்ராசஸர் மேல உக்கார்ற பம்ப்ல ட்யூப் சேர்ற இடத்துல கசிவு. அதுக்குக் கீழே எம்.2 எஸ்எஸ்டி, அதுக்குக் கீழே கிராஃபிக்ஸ் கார்டு. கார்டு முதுகுல இருக்கிற உலோகத் தகடு ரொம்ப ஏமாத்தும். மேல துடைச்சா காய்ஞ்ச மாதிரி தெரியும், உள்ளே போர்டுக்கும் தகடுக்கும் நடுவுல தண்ணி சாவகாசமா தங்கியிருக்கும். தகட்டைக் கழட்டினோம், ரெண்டு ஸ்பூன் தண்ணி வந்துச்சு. ப்ராசஸரையும் தூக்கிப் பார்க்கணும். சாக்கெட்டுல 1700 பின் இருக்கு, ஒண்ணு வளைஞ்சாலும் போச்சு, அதனால சாக்கெட்டுக்குள்ள பிரஷ்ஷோ டிஷ்யூவோ விடாதீங்க. ஈரம் தெரிஞ்சா ஆல்கஹால் விட்டுக் காத்து அடிக்கிறதோட நிறுத்திக்கோங்க.

எவ்வளவு நேரம் காயணும்? சென்னை மாதிரி காத்துலயே தண்ணி இருக்கிற ஊர்ல குறைஞ்சது ரெண்டு நாள்னு வச்சுக்கோங்க. ஏசி ரூம்ல ஃபேனுக்கு எதிர்ல வச்சா நல்லது, ஏசி காத்துல இருக்கிற ஈரத்தை எடுத்துடும்.

ஃபுட்டேஜ் முதல்ல

பிசியைச் சரி பண்றதும் டேட்டாவைக் காப்பாத்தறதும் ரெண்டு தனி வேலை. டேட்டாவுக்கு பிசி உயிரோட இருக்கணும்னு அவசியமே இல்ல. எஸ்எஸ்டியை ஹீட்சிங்க்லேர்ந்து பிரிச்சு, கழுவி, ரெண்டு நாள் காய வச்சு, யுஎஸ்பி என்க்ளோஷர்ல போட்டு லேப்டாப்ல சொருகினோம். நேரா சொருகல, நடுவுல தனி அடாப்டர் இருக்கிற யுஎஸ்பி ஹப் ஒண்ணு வச்சோம். எஸ்எஸ்டி ஷார்ட் ஆகியிருந்தா அடி லேப்டாப் மேல விழாம ஹப் மேல விழட்டும்னுதான்.

டிரைவ் தெரிஞ்சுது. சித்தி கையெடுத்துக் கும்பிட்டாங்க. க்ளிக் பண்ணா பிட்லாக்கர் ரெகவரி கீ கேக்குது, 48 இலக்கம்.

இது நிறைய பேருக்குத் தெரியாது, அதனால மெதுவா சொல்றேன். விண்டோஸ் 11ல மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட் போட்டு செட்டப் பண்ணா, நிறைய மெஷின்ல டிரைவ் தானாவே என்க்ரிப்ட் ஆயிடும். அதே போர்டுல ஓடற வரைக்கும் உங்களுக்கே தெரியாது. வேற மெஷின்ல சொருகினா கீ கேக்கும். போர்டுல பேட்டரியைக் கழட்டி செட்டிங்ஸ் அழிஞ்சாலும் சில நேரம் கேக்கும். கீ அந்த அக்கவுன்ட்லதான் சேமிச்சிருக்கும். தம்பி தன் அக்கவுன்ட்ல போய்ப் பார்த்தான், இல்ல. அரை மணி நேரம் வீடே அமைதி. அப்புறம்தான் ஞாபகம் வந்துச்சு, அசெம்பிள் பண்ணிக் கொடுத்த கடைக்காரர் விண்டோஸ் போடும்போது தன்னோட மெயில் ஐடியையே போட்டு முடிச்சிருந்தார். அவர் நல்ல மனுஷன், போன் பண்ணதும் தன் அக்கவுன்ட்ல தேடி அனுப்பிட்டார். அவர் கடையை மூடிட்டு ஊருக்குப் போயிருந்தா? இந்த எபிசோடை பாஸ் பண்ணிட்டு உங்க பிசி யார் அக்கவுன்ட்ல இருக்குன்னு இப்பவே பார்த்துடுங்க, நான் இங்கேயே இருக்கேன். அந்த 48 இலக்கத்தை பேப்பர்ல எழுதி பீரோவுல வைங்க.

ராத்திரி முழுக்க காப்பி ஓடுச்சு. ஃபுட்டேஜ் வந்துடுச்சு. இனிமே பிசி பிழைச்சாலும் சரி, பிழைக்கலைன்னாலும் சரிங்கிற நிம்மதி வந்தப்புறம்தான் மத்ததைத் தொட்டோம். கை நடுங்காம இருந்தாத்தான் இந்த வேலை ஒழுங்கா நடக்கும்.

யார் குற்றவாளி?

நம்ம ஊர்ல பிசி ஆன் ஆகலைன்னா முதல் வைத்தியம் ரேமைக் கழட்டி எரேசர் போட்டுத் தேய்க்கிறது. தூசியால டிஸ்ப்ளே வராத கேஸ்ல அது வேலை செய்யும்தான். தண்ணி கேஸ்ல அறிகுறியைப் பார்த்துட்டு ஆரம்பிக்கிறது நல்லது. எதுவுமே அசையலைன்னா எஸ்எம்பிஎஸ்ஸோ ஸ்டாண்ட்பை லைனோ. ஃபேன் ஒரு துடி துடிச்சு நின்னா எங்கேயோ ஷார்ட், எஸ்எம்பிஎஸ் அதைப் பார்த்துட்டு தன்னைக் காப்பாத்திக்க அணைஞ்சிடுது. ஃபேன் எல்லாம் ஓடி டிஸ்ப்ளே மட்டும் வரலைன்னா போர்டு, ரேம், கார்டு இதுல ஒண்ணு. டிஸ்ப்ளே வந்து ரெண்டு நிமிஷத்துல அணைஞ்சா பம்ப் செத்து ப்ராசஸர் கொதிக்குதுன்னு அர்த்தம்.

தம்பியோடது ரெண்டாவது வகை, துடிச்சு நிக்கிறது.

எஸ்எம்பிஎஸ்லேர்ந்து ஆரம்பிக்கிறதுக்குக் காரணம், அது மத்த எல்லாத்துக்கும் சோறு போடறது. அதுல கோளாறு இருந்தா நல்ல பார்ட்டையும் கொன்னுடும். அது நனைஞ்சிருந்தா டெஸ்ட்டே வேண்டாம், மாத்திடுங்க. தயவுசெஞ்சு திறக்காதீங்க, உள்ளே 230 வோல்ட்டை டிசியாக்கி அதைவிட அதிக வோல்டேஜ்ல கெபாசிட்டர்ல தேக்கி வச்சிருக்கும், ப்ளக்கைப் பிடுங்கினப்புறமும் கொஞ்ச நேரம் அது இருக்கும். இவன் கேபினெட்ல அது கீழே தனி மூடிக்குள்ள இருந்ததால சொட்டுக்கூடப் படல. எந்த பார்ட்டோடவும் இணைக்காம, 24 பின் கனெக்டர்ல பச்சை ஒயரையும் ஒரு கறுப்பு ஒயரையும் க்ளிப்பால இணைச்சா அது தனியா ஓடும். எல்லா ஒயரும் கறுப்பா இருக்கிற மாடல்ல கலரை நம்பாம பின் படத்தைப் பார்த்துக்கோங்க, இல்லைன்னா ஒரு எஸ்எம்பிஎஸ் டெஸ்டர் வாங்கிடுங்க. மல்டிமீட்டர்ல 12 வோல்ட் லைன் 11.4க்கும் 12.6க்கும் நடுவுல இருக்கணும், 5 வோல்ட் லைன் 4.75க்கும் 5.25க்கும் நடுவுல. ரெண்டும் சரியா இருந்துச்சு.

அடுத்து மதர்போர்டை கேபினெட்லேர்ந்து வெளியே எடுத்து, அது வந்த அட்டைப் பெட்டி மேலேயே வச்சோம். ப்ராசஸர், ஒரே ஒரு ரேம், கூலர். அவ்வளவுதான். கசிஞ்ச வாட்டர் கூலரை இங்கே திரும்ப மாட்ட முடியாது, கூலர் இல்லாமலும் ஓட்டக்கூடாது. நல்லவேளை, ப்ராசஸர் பெட்டியோட வந்த சாதா ஃபேன் கூலர் பிரிக்காமலே பரண்ல கிடந்துச்சு. அவனோடது ஐ5-12400எஃப், பேஸ் பவர் 65 வாட். இதுக்கு எதுக்குடா வாட்டர் கூலர்னு கேட்டேன். "லுக்குக்கா"ன்னான். லுக்குக்கு ரெண்டு ஸ்பூன் தண்ணி.

பவர் சுவிட்சுக்கான ரெண்டு பின்னை ஸ்க்ரூ டிரைவர் முனையால ஒரு செகண்ட் தொட்டா ஆன் ஆகும். ஆச்சு. ஃபேன் சுத்துது, நிக்கல. போர்டு ஓரத்துல குட்டி எல்இடி நாலு இருக்கும் நிறைய மாடல்ல, சிபியு, டிராம், விஜிஏ, பூட்னு. ஸ்டார்ட் ஆகும்போது ஒவ்வொண்ணா எரிஞ்சு அணையும், எது எரிஞ்சபடியே நிக்குதோ அங்கே சிக்கல். சிபியு எரிஞ்சு அணைஞ்சுது, டிராம் எரிஞ்சு அணைஞ்சுது, விஜிஏல நின்னுடுச்சு. தம்பி முகம் வாடிப்போச்சு. நான் சொன்னேன், டேய் இது நல்ல செய்தி. இன்டெல் ப்ராசஸர் பேர்ல கடைசியில எஃப் இருந்தா உள்ளே கிராஃபிக்ஸ் கிடையாது, கார்டு இல்லாம விஜிஏ லைட்ல நிக்கிறதுதான் நியாயம். ப்ராசஸரும் ரேமும் பாஸ் ஆயிடுச்சுன்னுதான் அந்த லைட் சொல்லுது.

இங்கே ஒரு எச்சரிக்கை, முக்கியமா ஏஎம்டி ஏஎம்5 போர்டும் டிடிஆர்5 ரேமும் வச்சிருக்கிறவங்களுக்கு. பட்டன் செல்லைக் கழட்டி மாட்டினப்புறம் முதல் தடவை ஆன் பண்ணும்போது போர்டு ரேமை மறுபடி பழகிக்கும், மெமரி ட்ரெய்னிங்னு பேரு. சில நிமிஷம் கறுப்புத் திரையோடவே நிக்கும், டிராம் லைட் எரிஞ்சுக்கிட்டே இருக்கும். செத்துடுச்சுன்னு நினைச்சு அணைச்சு அணைச்சுப் போட்டா அது முடியவே முடியாது. பதினஞ்சு நிமிஷம் எந்திரிச்சுப் போய் டீ குடிச்சிட்டு வாங்க.

கார்டு இல்லாம ஓடுது, கார்டோட துடிச்சு நிக்குது. அப்போ சந்தேகம் கார்டு மேல. உறுதிப்படுத்த அதை ஃப்ரெண்டோட பிசியில போட்டுப் பார்க்கலாம்னு தம்பி கிளம்பிட்டான். ஷார்ட் ஆன கார்டை நல்ல பிசியில சொருகினா ஒரு ரிப்பேர் ரெண்டு ரிப்பேராகும், ஒரு நட்பும் போகும். மல்டிமீட்டர் போதும். எதையும் இணைக்காம, கார்டுல 8 பின் பவர் சொருகற இடத்துல 12 வோல்ட் பின்னுக்கும் கிரவுண்ட் பின்னுக்கும் நடுவுல ஓம் பார்க்கணும். நல்ல கார்டுல பொதுவா ஆயிரக்கணக்குல காட்டும். இதுல 0.4. மீட்டரோட ரெண்டு முனையை ஒண்ணா தொட்டு வச்சாலே கிட்டத்தட்ட அவ்வளவுதான் காட்டும், அதாவது நேரடி ஷார்ட். ஒரு சந்தேகம் வந்துடக்கூடாதுன்னு இதையும் சொல்றேன், சிப்புக்குப் பக்கத்துல இருக்கிற காயில்கள்ல ஒரு ஓமுக்குக் கீழே காட்டறது சகஜம். அதைப் பார்த்துட்டு கார்டு போச்சுன்னு அழ வேண்டாம்.

ஸ்லாட்டையும் சும்மா விடல. டார்ச் அடிச்சு, பச்சை படிஞ்சிருக்கா, பின் கறுத்திருக்கான்னு பார்த்தோம். அப்புறம் பழைய ஜிடி 710 கார்டு ஒண்ணை செகண்ட் ஹேண்ட்ல வாங்கிச் சொருகினோம், போனாலும் வருத்தப்பட வேண்டியதில்லாத கார்டு. டிஸ்ப்ளே வந்துச்சு.

காசு யார் கொடுக்கிறது?

இந்தக் கேஸ்ல பிழைச்சது ப்ராசஸர், ரேம், போர்டு, எஸ்எஸ்டி, எஸ்எம்பிஎஸ். போனது கிராஃபிக்ஸ் கார்டும் கூலரும். கார்டுதான் அந்த பிசியிலேயே விலை அதிகமான பொருள். கார்டு வாரண்டி தண்ணி பட்டா செல்லாது, எல்லா பிராண்டுக்கும் பொதுவா அதே கதைதான். ஆனா கூலர் தயாரிக்கிற சில கம்பெனிங்க, வாரண்டி காலத்துக்குள்ள தங்கள் கூலர் கசிஞ்சு மத்த பார்ட் போனா அதுக்கும் இழப்பீடு தர்றாங்க. ஒவ்வொரு கேஸா பார்த்துத்தான் முடிவு பண்ணுவாங்க. கேக்காதவங்களுக்கு நிச்சயமா கிடைக்காது.

அதுக்குத்தான் அந்த முதல் ராத்திரி போட்டோ. கசிஞ்ச கூலரைக் கோவத்துல குப்பையில போடாதீங்க, ட்யூபை வெட்டிப் பார்க்காதீங்க, பில்லைத் தேடி எடுங்க. கார்டை ரிப்பேருக்குக் கொடுக்கிறதுக்கு முன்னாடியே கம்பெனிக்கு மெயில் போடுங்க. தம்பிக்கு இங்கேதான் சிக்கல் வந்துச்சு. சிப் லெவல் வேலை பார்க்கிற ஒருத்தர் கார்டைப் பார்த்துட்டு, 12 வோல்ட் லைன்ல ஒரு கெபாசிட்டர் ஷார்ட் மாதிரி இருக்கு, திறந்து பார்த்தா சரி பண்ணிடலாம்னார். கூலர் கம்பெனியோ, கார்டை யாரும் தொடாம அப்படியே அனுப்பணும்னாங்க. ரிப்பேர்னா ஒரு வாரத்துல கையில கார்டு, ஆனா க்ளெய்ம் போச்சு. சிப் லெவல்ல சரி பண்ண கார்டு, தகட்டுக்கு அடியில மிச்சமிருந்த உப்பால ஆறு மாசம் கழிச்சு மறுபடி படுக்கலாம், அந்த பயமும் இருக்கு. க்ளெய்ம்னா எப்போ வரும், வருமான்னே தெரியாது, அதுவரைக்கும் வேலைக்கு பிசி வேணும்.

நான் அவன்கிட்ட எது சரின்னு சொல்லல, மாசக் கணக்கைப் போட்டுப் பார்னேன். போட்டான். கல்யாண வீடியோவை வாடகைக்கு எடுத்த ஒரு பிசியில முடிச்சுக் கொடுத்துட்டு, கார்டையும் கூலரையும் பேக் பண்ணி அனுப்பிட்டான். வந்து சேர்ந்துச்சுன்னு கம்பெனிகிட்டேர்ந்து மெயில் வந்திருக்கு, அதுக்கு மேல இதுவரைக்கும் ஒண்ணும் இல்ல. ஜிடி 710லயே இன்வாய்ஸ் அடிச்சுக்கிட்டு இருக்கான். பரண்லேர்ந்து இறங்கின ஃபேன் கூலர் அப்படியே மாட்டியிருக்கு, அதை மாத்தற எண்ணம் இல்லையாம். பதில் வந்தா அடுத்த எபிசோட் ஆரம்பத்துலயே சொல்றேன். வரட்டுமா மக்களே.